எச்சில் வாளியும் பர்சார் பதவியும்

புரட்டாசி 3, வியாழன்

விடியலிலிருந்து மழை. மலாக்கா காஜா பெராங் சாலையில் கணுக்கால் அளவு நீர். மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே கல்லூரி.

கல்லூரியின் பணமும் பண்டமும் பார்க்கும் பர்சார் துரை விரைவில் சீமைக்குக் கப்பலேறுகிறார். மெர்டேக்கா, நாட்டின் விடுதலை, வந்துவிட்டது; இனி அப்பதவியில் இந்நாட்டவர் என்பது கல்லூரிச் சபையின் தீர்மானம். விண்ணப்பித்தோர் இருவர்: கோலாலம்பூரில் கணக்குப் பரீட்சை தேறிய இளைஞர், பதினேழாண்டாகப் பெரிய கிராணியாய்க் கணக்கெழுதும் அடியேன். நேர்காணல் சனியன்று. கிட்டாவிடில், ஓய்வுபெறும் வரை அவ்விளைஞருக்குக் கீழே.

கல்லூரிச் சமையற்காரர் மீரான்: "அவரு டை கட்டிக்கிட்டு வருவாராம். நீங்க நாமத்தப் போட்டுக்கிட்டுப் போங்கய்யா, பாத்துக்கலாம்!"

சிரித்தேன்.

புரட்டாசி 4, வெள்ளி

மழை விடவில்லை. கோட்டு சலவை. சான்றிதழ்கள். துளசி.

நூலகத்து அகராதியில் பதவிப் பெயரின் வேர் தேடினேன். தோற்பையைக் குறிக்கும் பழைய இலத்தீன் சொல். பொதுப்பை காத்தவரே பர்சார். மலாயில் பெண்டஹாரி. அது பண்டசாலையைக் குறிக்கும் வடமொழிப் பாண்டாகாரத்தின் வழி. நம் கோயில் பண்டாரமும் அதே கிளை! நெல், நெய், விளக்கெண்ணெய், பரிவட்டம் யாவும் காப்பதன்றோ பண்டாரம். காசு அதில் ஒரு மூலை. வெகுநேரம் மகிழ்ந்திருந்தேன்.

மனைவி: "நாளைக்கு மொதச் சனி. வெறும் வயித்தோட எப்படிங்க பேசுவீங்க?"

"பெருமாள் பேசுவார்."

"அவருக்கு மலாய் வருமா?"

புரட்டாசி 5, சனி

விரதம். பாசுரம் ஓதிப் புறப்பாடு.

சபையார் மூவர். கேள்விகள் எளியவை. நண்பகலில் தலைவர் எழுந்தார். பர்சார் மாணவர் உணவை வாரந்தோறும் சுவைத்துப் பார்ப்பது இக்கல்லூரி வழக்கம்; இன்று நாங்கள் இருவரும் சுவைக்க வேண்டுமாம். சமையலறையில் ஆட்டிறைச்சிக் குழம்பு! இளைஞர் முன்னமே சுவைத்து, மிக நன்று என்றிருக்கிறார்.

அடியேன் புலால் தொட்டதில்லை. இன்றோ நீரும் துளசியும் மட்டுமே. அப்படியே சொன்னேன். முடிந்தது என்றெண்ணினேன்.

பின் மலாயில் வாய் திறந்தது. "துவான், என் வழக்கம் வேறு. பின்கட்டுக்கு வாருங்கள்."

மாணவர் உண்டு முடித்திருந்தனர். எச்சில் வாளியைக் கழியால் கிளறிக் காட்டினேன். இறைச்சித் துண்டுகள் கடிபட்டபடியே திரும்பியிருந்தன; சோறும் பாதி. "இறைச்சி வேகவில்லை. விறகு ஈரம். விறகுக் கொட்டகையின் கூரை ஒழுகுகிறது."

மீரான் தலைகுனிந்து: "ஐயா சொல்றது நெசந்தான் துவான். வெறகு பூரா நனஞ்சு போச்சு."

சபையாருள் மூத்தவரான துவான் ஹாஜி கொட்டகைக்கே போய்ப் பார்த்து, நனைந்த சொங்கோத் தொப்பியுடன் திரும்பினார். "வயிறு காய்ந்தவர் கண்ணுக்குத்தான் இது தெரிகிறது" என்று உரக்கச் சிரித்தார். பதவிப் பெயருக்குப் பொருள் கேட்டார். தோற்பை முதல் பண்டாரம் வரை சொன்னேன்.

"பழைய மலாக்கா சுல்தானின் முதல் மந்திரி பெண்டஹாராவுமா?"

"அவரும் இவ்வழியே, துவான்."

அவர் முகம் மலர்ந்தது. வீடு வந்து மறுபடி நீராடி, திருமண் இட்டேன்.

புரட்டாசி 7, திங்கள்

வெயில். கடிதம் வந்தது. பர்சார் அடியேனே! இருமுறை படித்தேன், மனைவி மும்முறை படிக்கச் சொன்னாள்.

மீரான்: "இனிமே கிராணின்னு கூப்பிட்டா சம்பளத்துல கை வப்பீங்களாய்யா?"

"முதலில் கூரை வேய ஆள் பிடியும்."

மாலையில் துரையின் அறை. எழுந்து நின்று, அமருமாறு கைகாட்டினார். பதினேழாண்டில் அவ்வறையில் ஒருநாளும் நான் உட்கார்ந்ததில்லை.

சாய்ந்தே உட்கார்ந்தேன்.