லேபிளில் உன் முகம்

அன்பு மகனுக்கு,

செந்தூர் முருகன்தான் உன்னைக் காப்பாற்றிக் கொடுத்தான். குண்டு விழுந்துகொண்டிருந்தபோது நீ ஊர்ந்து போய் இரண்டு பேரை முதுகில் சுமந்து வந்தாய் என்று பேப்பரில் வந்ததைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதைப் பூஜை அறையில் ஒட்டியிருக்கிறேன். நம் கம்பெனியின் புதுச் சரவெடி லேபிளில் அப்பா உன் முகத்தைத்தான் அச்சடித்திருக்கிறார்.

தீபாவளிக்கு லீவு கிடைத்துவிட்டது, வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய்.

சண்டை முடிந்து வந்த போன லீவில் நடந்ததை நீ மறந்திருக்கலாம். வியாபாரிகளுக்குக் காட்டுவதற்காக வாசலில் ஒரு சரத்தைக் கொளுத்தியதும், நீ லாரிக்கு அடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டு அழுதாய். “ஏலே, அங்கன என்னலே தேடுற?” என்று அப்பா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். “அண்ணாச்சி, இவுக படத்தையா லேபிள்ல போடப் போறீக?” என்றார் மதுரை வியாபாரி. உனக்குப் பதக்கம் அறிவித்த பிறகுதான் அவர் ஆர்டர் கொடுத்தார்.

உன் தம்பிக்கு உன் சாடைதான். நீ விட்டுப்போன யூனிஃபார்மை அவனுக்குப் போட்டுப் பார்த்தோம், அளவு சரியாக இருக்கிறது. வியாபாரிகள் முன்னால் அவன்தான் நீயாக நின்று முதல் சரத்தைக் கொளுத்துவான். வெடிச் சத்தத்துக்கு அவன் கண்கூட இமைப்பதில்லை.

பதக்கத்தை மட்டும் தபாலில் அனுப்பு. சீசன் முடியும்வரை முகாமிலேயே இரு. உனக்காக விரதம் இருக்கிறேன். ஊர் முழுக்க உன் தைரியத்தைத்தான் பேசுகிறது. நேரில் வந்து அதைக் கெடுத்துவிடாதே.

உன்னைப் பெற்றவள்