இரண்டும் கசக்கும்

அன்புள்ள அக்கா,

அத்தானின் மாத்திரையை நீ நக்கிப் பார்த்ததை அவரே போனில் சொல்லிச் சிரித்தார். பின்னாலிருந்து நீ கத்தியதும் கேட்டது: "கசக்குதுடி! அப்ப நிஜ மருந்துதானே?"

அப்படிச் சொல்ல முடியாது அக்கா. அத்தான் சேர்ந்திருக்கும் இந்தப் புது மருந்து ஆய்வில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. வித்தியாசம் தெரியாதபடி இரண்டும் ஒரே மாதிரி கசக்க வேண்டும். அந்தக் கசப்புக்காகத் தயாரிப்பாளரைப் பாடாய்ப் படுத்தியவளே நான்தான்.

ஆய்வகத்தை விட்டு இந்தத் திட்ட மேலாளர் வேலைக்கு வந்தபோது, "இனிமே எல்லாம் உன் கையிலதான்" என்றாய். ஆய்வகத்தில் எந்த எலிக்கு என்ன கொடுத்தேன் என்பதாவது எனக்குத் தெரியும். இங்கே யாருக்கு எது என்பதை, ஆய்வு முடியும்வரை நானும் பார்க்கக் கூடாது. அத்தான் சேர்ந்ததை அலுவலகத்தில் சொன்னதும், அவர் போகும் மருத்துவமனையின் பொறுப்பையே என்னிடமிருந்து வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறேன். அத்தானைப் பரிசோதனைக்கு நான் கூட்டிப் போகிறேன். அவர் நடை தள்ளாடுகிறது, படியில் அவரை இப்போது தனியாக விடாதே.

உன்னைத் திட்டத்தான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. போன வாரம் நீ அடுப்படியில் இருந்தபோது, எல்லாம் தெரிந்த நானும் ஒன்றை எடுத்து நக்கிப் பார்த்தேன்.

உன் தங்கை