கொக்கி மாட்டாத அன்று

என் சின்னக்குட்டிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாயா?

போன வாரம் கப்பல் மேல் விமானத்தை இறக்கும்போது அதன் வால் கொக்கி தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டவில்லை, திரும்ப மேலே போய்ச் சுற்றி வந்தேன் என்று ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். தையல் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவன் கப்பலில் பலகை அடித்து அதன் மேல் விமானத்தை இறக்கினானாம், குறுக்கே கயிறு, கயிற்றின் முனைகளில் மணல் மூட்டை, கொக்கி கயிற்றைப் பிடிக்க மூட்டைகள் இழுபட்டு வண்டி நின்றதாம். அந்தப் புண்ணியவானுக்கு நீச்சலே தெரியாதாம், சைக்கிள் டியூபை உடம்பில் சுற்றிக்கொண்டு வந்தானாம்! எதற்கு இந்தப் பாடு என்று மேலே படித்தேன். கப்பலில் நிற்பவனுக்கு வானமும் கடலும் சேரும் இடம் வரைதான் கண் எட்டும், விமானம் அதற்கும் அப்பால் போய்ப் பார்க்கும், அடிக்கும். இரண்டாம் உலகப் போரில் இரு பக்கத்துக் கப்பல்களும் ஒன்றையொன்று கண்ணால் பார்க்காமலே விமானங்களை அனுப்பிச் சண்டை போட்டனவாம். பெருமையாகத்தான் இருந்தது, ஆனால் அப்படியென்றால் எதிரி முதலில் தேடுவது உன் கப்பலைத்தானே என்று தோன்றியதும் புத்தகத்தை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தேன், அது வேறு விஷயம்.

நீ படையில் சேர்ந்த நாளிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார், உனக்குத் தெரியும். அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் பாட்டுக்கு, சக்கரம் கப்பல் தளத்தைத் தொட்ட உடனே எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளுவார்களாம் என்றேன். ஆயுசுக்கும் பஸ் ஓட்டியவர் இல்லையா, டம்ளரை வைத்துவிட்டு, "நிக்க வேண்டிய இடத்துல எவனாவது ஆக்சிலேட்டர மிதிப்பானா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். கொக்கி மாட்டாவிட்டால் திரும்பப் பறக்க வேண்டுமே, அதற்குத்தான் என்றேன். டம்ளரை எடுத்துத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். பிறகு, "அப்போ அன்னிக்கு அவ அதிர்ஷ்டத்துல தப்பிக்கல, சரியாத்தான் ஓட்டியிருக்கா" என்றார். அதோடு விட்டாரா, கப்பல் ஆடினா எப்படி இறங்குவா, மழையில கண்ணாடி தெரியுமா என்று ஒரே கேள்வி. எனக்கென்ன தெரியும், பெற்ற பெண்ணைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நீ எங்கே பறந்தாலும் உனக்கு இறங்க இடம் இருக்கட்டும், நல்லா இரு. ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நான் மாடியில் துணி காயப்போடுவேன், போனை அப்பாதான் எடுப்பார். அம்மா எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதே.

ஆசையோடு,
உன் அம்மா