காறல் இல்லாத காப்பி

மாப்ளே,

நீங்கள் போய் இரண்டு மாதம் கழித்து உங்கள் பெயருக்கு ஒரு கூரியர் வந்தது. பிரித்தால் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம், அடியெல்லாம் ஊசித் துளை. உங்கள் எஸ்பிரெசோ மெஷினுக்குக் காப்பித் தூள் நிரப்புகிற புது பில்டர் பாஸ்கெட். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். துளைகள் அத்தனையும் ஒரே அளவு. பழையதையும் பக்கத்தில் பிடித்தேன். அதில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஓரத்தில் நாலைந்து அடைத்தே கிடந்தன.

"ஆர்டர் போட்டவரு போயிட்டாரு, பொருள் மட்டும் வந்து சேந்துருச்சு" என்றாள் என் தங்கை சரசு.

நீங்கள் போனதிலிருந்து உங்கள் வீட்டம்மா சரசு காப்பியைத் தொடவில்லை. சுக்குத் தண்ணீர்தான். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மகள் வந்து மெஷினை எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

"அதுக்குள்ள அவரு போட்ட மாதிரி ஒருக்கா குடிச்சரோணும். நாந்தான் அவருக்குக் காப்பி போடச் சொல்லிக் குடுத்தேன்னு மோகனூர் பூராச் சொல்லீட்டுத் திரியறீங்க. போடுங்கண்ணா."

நான் சொன்னதில் என்ன பொய்? அரைப்பு என்றால் என்னவென்று உங்களுக்குக் காட்டியது யார்? நம் கோழித் தீவன மில்லில் நான் நிற்கிற வரைக்கும் மக்காச்சோளம் மாவாகிப் போனதுண்டா? எட்டாவதோடு நின்றவன்தான் நான். ஆனால் மில் ஓடுகிற சத்தத்தைத் தெருமுனையில் கேட்டே, சல்லடை தேய்ந்துவிட்டது என்று சொல்வேன். தூளாக அரைத்த தீவனத்தைக் கோழி ஒதுக்கிவிடும், முட்டை குறையும். இது எனக்கு வேதம். நாமக்கல்லில் பாதிக் கோழிகள் முட்டையிடுவதே என் கைப்பக்குவத்தால்தான் என்று நான் சொன்னபோது நீங்கள் மறுக்கவில்லை. சிரித்தீர்கள், அவ்வளவுதான்.

அந்தத் தெம்பில் புது பாஸ்கெட்டை மாட்டினேன். கிரைண்டரில் அரைப்பு அளவுக்கு நீங்கள் சிவப்பு நகப்பூச்சால் வைத்த புள்ளி இருந்தது. அதே அரைப்பு, அதே அளவு தூள். பட்டனை அழுத்தினால் பண்ணையில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி சடசடவென்று கொட்டியது. டீயா காப்பியா என்று எனக்கே சந்தேகம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. துளை ஒழுங்கானால் தண்ணீர் ஏன் வேகமாகப் போக வேண்டும்? ஒழுங்கானவன் நிதானமாகத்தானே போவான்?

நீர்த்துப்போனால் தூளைக் கூட்டு. இதற்குப் படிப்பா வேண்டும்? கூட்டினேன். இன்னும் கூட்டினேன். பாஸ்கெட் மாட்டிய கைப்பிடி மெஷினில் ஏறவே மறுத்தது. உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். மேலே தண்ணீர் இறங்குகிற தகட்டில் தூள் அப்பிக்கொண்டது, ஓரத்தில் பீறிட்டு என் வெள்ளை வேட்டியெல்லாம் காப்பி. சரசு சுக்கு தட்டப் போனாள். அந்த உரல் சத்தத்துக்கு அவள் என்னை நேராகத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

உங்கள் மகளுக்குப் போன் போட்டேன். மெஷினில் ஏதோ கோளாறு என்றுதான் ஆரம்பித்தேன்.

"மாமா, அரைப்ப நைசாக்குனீங்களா?"

"நைசாக்கறதா? நானா? தூசியாட்டம் அரைச்சா என்னத்துக்காகும்?"

"பழசுல பாதித் துளை ஒழுங்கா வேல செய்யாதுங்க மாமா, அதனால தண்ணி தேங்கி எறங்கும். புதுசுல எல்லாத் துளையும் தொறந்திருக்குது. தூளுதான் தண்ணியப் புடிச்சு நிறுத்தோணும். பாஸ்கெட் வெளிம்புல பதினெட்டுன்னு போட்டிருக்கும் பாருங்க. தூளு பதினெட்டு கிராம், அதத் தொடாதீங்க. அரைப்ப மட்டும் கொஞ்சங் கொஞ்சமா மாத்துங்க. ரெண்டையும் ஒண்ணா மாத்துனா எதுனால எது ஆச்சுன்னே தெரியாது."

மில் கட்டிய புதிதில் நீங்கள் இதே விஷயத்தில் என்னோடு மல்லுக்கு நின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது. காப்பித் தூளை விரலில் தேய்த்துப் பார்த்து, இது மாவு, வீண் என்றேன். "மச்சான், கோழி கொத்தித் திங்குமுங்க. தண்ணி கொத்தாதுங்க" என்றீர்கள். நான் அன்றைக்குச் சொன்ன பதில் பிரமாதமான பதில். என்ன பதில் என்றுதான் நினைவில்லை.

வேதத்தை ஓரமாக வைத்துவிட்டு நைசாக்கினேன். ஒரே திருகில் ரொம்பவும் போய்விட்டது போல, மெஷின் முனகியதே தவிர ஒரு சொட்டு விழவில்லை. கொஞ்சம் பின்னால் வந்தேன். மறுபடி முன்னால். சனிக்கிழமை காலையில் விளக்கெண்ணெய் இறங்குகிற மாதிரி, பழுப்பாக, மெதுவாக, ஒரே ஒழுக்காக இறங்கியது பாருங்கள், இத்தாலிக்காரன் இருந்திருந்தால் என் காலில் விழுந்திருப்பான்.

பால் கலந்து சரசுவிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். டம்ளரைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. ஆனா அவரு காப்பி இல்ல."

"ஏன் சாமி?"

"அவருது நாக்குல காறும். தொண்டையில நிக்கும். இத்தன வருசமும் அதத்தான் குடிச்சேன்."

"அவருகிட்டச் சொல்லலியா நீ?"

"ஒரு நாளுஞ் சொன்னதில்ல. ஆசையாப் போட்டுக்கிட்டு வர்ற மனுசன்கிட்ட என்னத்தச் சொல்ல?"

மாப்ளே, எனக்குக் குழப்பம் அங்கேதான் முற்றியது. அவள் சொல்லவே இல்லை என்றால், காறலைப் போக்குகிற இந்த பாஸ்கெட்டை எதற்கு வரவழைத்தீர்கள்? அவள் முதல் வாய் குடிக்கும்போது சமையலறை வாசலில் தோளில் துண்டோடு நிற்பீர்களே. பாராட்டுக்காக நிற்கிறீர்கள் என்றே நினைத்திருந்தேன். நானாக இருந்தால் அதற்குத்தான் நிற்பேன். நீங்கள் அவள் முகத்தைப் படித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

இதைச் சரசுவிடம் சொன்னேன். அவள் டம்ளரை வைக்கவில்லை, அழவும் இல்லை. மிச்சத்தையும் குடித்துவிட்டு, "மெஷினு இங்கியே இருக்கட்டும்னு புள்ளைகிட்டச் சொல்லீருங்க" என்றாள். பிறகு, "நாளைக்குப் பழைய கிண்ணத்துலயே போடுங்கண்ணா."

இன்று பழையதில் போட்டேன். காறியது. முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுதும் குடித்தாள். டம்ளரைக் கொடுத்ததும் நான் முதலில் பார்த்தது அவள் முகத்தைத்தான். இந்தப் பழக்கம் எனக்கு உங்களிடமிருந்து வந்தது. இதை மட்டும் நான் உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

பாஸ்கெட் இரண்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அவளுக்குப் பிடித்தது ஒன்று, அவளுக்காக நீங்கள் வாங்கியது ஒன்று. நாளைக்கு எதில் போட, மாப்ளே?