சிவப்பிக்கு எந்தப் புஷ்?

மார்ச் 4, செவ்வாய்
என் பழைய சிவப்புக் கார், சிவப்பி, தகுதிச் சோதனையில் தோற்றுவிட்டாள். முன்சக்கரங்களைத் தாங்கும் இரண்டு இரும்புக் கைகளின் மூட்டுகளில், அதிர்ச்சி தாங்க வைத்த ரப்பர் புஷ்கள் நான்கும் கிழிந்துவிட்டனவாம். மறுசோதனை 21ஆம் தேதி. 22ஆம் தேதி பந்தயத் தடத்தில் எனக்கு இடம் பதிவாகியிருக்கிறது.

மகளிடம் சொன்னேன். அவள் உடனே பிடித்துக்கொண்டாள்: "இந்தத் தடவையும் பெயிலானா வண்டிய வித்துடணும்மா. சத்தியம் பண்ணு."

வீம்புக்குப் பண்ணிவிட்டேன். எழுபத்திரண்டு வயதிலும் நாக்குதான் முதலில் ஓடுகிறது.

மார்ச் 6
மூன்று மாதிரிப் புஷ்கள் சாப்பாட்டு மேசையில். மெக்கானிக் வைத்துவிட்டுப் போனார். ரப்பர், கட்டைவிரலுக்கு இணங்குகிறது. மஞ்சள் பாலியூரித்தேன், கெட்டிப் பிளாஸ்டிக் மாதிரி, அசைய மறுக்கிறது. வளைவில் கார் கத்தி போலத் திரும்பும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். மூன்றாவது, இரும்பு உருண்டை மூட்டு. தடத்துக்கென்றே பிறந்தது.

"அதப் போட்டா, ரோட்ல கிடக்குற காசு மேல ஏறினாக்கூட பூவா தலையான்னு சொல்லிடலாம்மா" என்றார் போகுமுன்.

"என் பல்செட்?"

"அது பைக்குள்ள இருக்கட்டும்."

அவர் எதிரில் சிரிக்கவில்லை. போனபின் சிரித்தேன்.

மார்ச் 7
காலையில் மஞ்சள். மத்தியானம் இரும்பு. மாலையில் மறுபடி மஞ்சள். கல்யாணப் புடவைக்குக்கூட நான் இப்படி அல்லாடவில்லை.

மார்ச் 9
முடிவு செய்துவிட்டேன். ஒவ்வொரு கையிலும் முன் புஷ் ஒரே அச்சில் சுழல்வது: அதற்கு மஞ்சள். பின் புஷ் எல்லாப் பக்கமும் நெளிய வேண்டும்: அதற்குக் கடின ரப்பர். தடத்திலும் பறக்க வேண்டும். அங்கே போய்ச் சேரும் இரண்டு மணி நேரச் சாலையில் என் இடுப்பும் பிழைக்க வேண்டும்.

மார்ச் 12
மெக்கானிக் பழைய புஷ்களைக் கழற்றிக் காட்டினார். நான்கும் ஒரே திசையில் கிழிந்திருக்கின்றன.

"இது தேய்மானம் இல்லம்மா. வண்டி லிஃப்ட்ல தொங்கும்போதே போல்ட்ட இறுக்கியிருக்காங்க. கீழ இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சுடும். எவனோ அரைகுறை பார்த்த வேலை."

"உங்களுக்கு முன்னால் இருந்த மெக்கானிக்" என்றேன். கொஞ்சமும் தயங்காமல்.

வீட்டுக்கு வந்து மூன்று வருடத்துக்கு முந்தைய நாட்குறிப்பை எடுத்தேன். என் கணவரின் கடைசி வருடம். "லிஃப்டிலேயே எல்லா போல்ட்டையும் நானே இறுக்கினேன். அவர் டார்ச் பிடித்தார். மெக்கானிக்கைக் கிட்டே விடவில்லை." ஸ்கேல் வைத்து அடிக்கோடு வேறு.

அந்த அரைகுறை நான்தானா? நானேதான்.

மார்ச் 13
தப்பை முணுமுணுக்காதே, எழுந்து நின்று முழு வாக்கியமாகச் சொல் என்பார் பள்ளியில் சிஸ்டர். ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டே சொன்னேன். மெக்கானிக் வெகுநேரம் கை துடைத்தார்.

"அப்ப அந்த அரைகுறை சனிக்கிழமை வந்து சீட்ல உட்காரணும். வண்டி சக்கரத்துல நிக்கணும், ஓட்டுறவங்க எடையும் இருக்கணும். அப்புறம்தான் இறுக்குவேன்."

பழைய மெக்கானிக்குக்கும் போன் செய்தேன். "அன்னைக்கே சொன்னேனேம்மா" என்றார். சொல்லியிருக்கிறார்தான்.

மார்ச் 15
சிவப்பி நான்கு சக்கரங்களில் மேடையேறி நிற்க, ஓட்டுநர் இருக்கையில் நான். வேடிக்கை பார்க்க வந்த மகள் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல்: "தடத்துல பக்கத்துல ஆள் உண்டாம்மா?"

"இல்லை."

"அப்ப சின்னம்மா இறங்கிக்கட்டும்."

அவள் இறங்கவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "என் வெயிட்டோடயே இறுக்குங்க" என்றாள்.

மார்ச் 21
தேறிவிட்டாள்! சோதனை அதிகாரி கம்பியால் நெம்பிப் பார்த்தார். இம்மி அசையவில்லை.

மார்ச் 22
ஒன்பது சுற்று. கீச்சுச் சத்தம் இல்லை, அலைபாய்தல் இல்லை. நினைத்த இடத்தில் மூக்கை வைக்கிறாள் சிவப்பி. மகள் மூன்றாவது சுற்றில் கண்ணைத் திறந்தாள். ஆறாவதில், "இவ்வளவு சீக்கிரம் ஏம்மா பிரேக் போடுற?" என்றாள்.