மடையடி வண்டல்

மார்க்கையன்கோட்டை
பங்குனி 19

அன்புள்ள பேத்தி கயலுக்கு,

அப்பத்தா எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றும் குறையில்லை. லக்னோவில் வெயில் ஏறிவிட்டதா, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது. போனில் பேசும்போதெல்லாம் உன் அப்பன் பக்கத்திலேயே நிற்கிறான். அவன் முன்னால் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கண்மாய் மடையடியில் நீ நட்டுவைத்துப் போன நான்கு மூங்கில் குச்சிகளும் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் கிடக்கிறது.

நீ சொன்னதை நான் மறக்கவில்லை. சேறு வருஷா வருஷம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும், செத்த பூச்சியின் சிறகும் புழுவின் தலை ஓடும் அதில் மக்காமல் கிடக்கும், எந்த அடுக்கில் எந்தப் பூச்சி என்று பார்த்தால் எந்தக் காலத்தில் மழை, எந்தக் காலத்தில் பஞ்சம் என்று தெரியும் என்றாய். வரிசை கலையாமல் குழாயில் எடுக்கச் சித்திரையில் மெஷினோடு வருவேன், இந்த மண் இல்லாமல் என் ஆராய்ச்சி முடியாது, பார்த்துக்கொள் அப்பத்தா என்றாய். ரேஷன் கடை வரிசையில் ராக்கம்மாளிடம்கூட என் பேத்தி மண்ணைப் படிக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். "மண்ணப் படிக்கவா அம்புட்டுத் தூரம் போயிருக்கா? உங்க மகன் இங்கனயே அதத்தான படிக்கிறாக" என்று சிரித்தாள்.

உன் அப்பன்மேல் கோபப்படாதே. போன வருஷக் காற்றில் வாழை முழுக்கச் சாய்ந்தது உனக்குத் தெரியும். கண்மாய் வண்டலை அள்ளிப் போடாமல் அந்த நிலம் இனி எழுந்திருக்காது. மடையடிப் பக்கம் போகாதே என்றேன், சரி என்றுதான் சொன்னான். ஆனால் உனக்கு எது நல்ல மண்ணோ, வாழைக்கும் அதுவே நல்ல மண்ணாக இருக்கிறது.

பொக்லைன் சத்தம் கேட்டு ஓடினேன். ஓட்டுகிற முத்துராஜாவைக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னேன். "பூச்சிச் செறகுக்கா ஆத்தா இம்புட்டுச் சண்ட? பின்னால எட்டு டிராக்டர் நிக்கிது" என்றான். அனுமதி எங்கே என்று கேட்டேன். தாளை நீட்டினான். "நீங்க போட்ட கையெழுத்துதான, பாருங்க" என்றான்.

என் கையெழுத்துதான். நிலத்தின் பட்டா என் பேரில் இருப்பதால், வண்டல் அள்ள அனுமதி கேட்கும் மனுவில் தை மாதமே உன் அப்பன் கையெழுத்துக் கேட்டான். படித்துப் பார்த்துத்தான் போட்டேன். மாசியில் நீ வந்து குச்சி நட்டபோது அந்த மனு எனக்கு நினைவு வந்தது. நீ சந்தோஷமாக இருந்தாய். சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நம் வயலில் கொட்டிய கட்டிகளை இரண்டு நாளாக உடைத்துப் பார்த்தேன். பச்சையாக மினுங்கும் ஒரு சிறகு கிடைத்தது, கடுகளவு. அது எந்தக் காலத்துப் பூச்சி என்று இனி யாரால் சொல்ல முடியும்?

ஐந்தாவது படித்தவள் எழுதினால் உன் பேராசிரியர் படிப்பாரா? படிப்பார் என்றால் சொல். தப்பு என்னுடையது, பேத்திமேல் ஒன்றும் இல்லை என்று எழுதித் தருகிறேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே. மெஷின் இல்லாவிட்டாலும் வா. என்னைத் திட்டுவதற்காகவாவது வா, ஆத்தா.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பத்தா
சந்தனம்மாள்