பதினோராம் எண்

குவாஹாத்தி
3-8-2007

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். இங்கே போனில் பாதிப் பேச்சு காதில் விழுவதில்லை, அதனால் கடிதம். தமிழில்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

ஹைதராபாத் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே நாளில் இருபத்திரண்டு கோ-பைலட்டுகள் சேர்ந்தோம். பயிற்சி மார்க்கை வைத்து சீனியாரிட்டி எண் கொடுத்தார்கள். எனக்குப் பன்னிரண்டு. ஹைதராபாத் இடங்கள் பத்தாம் எண்ணோடு தீர்ந்துவிட்டன. எந்த ஊரில் இருப்பது, எந்த நாள் லீவு, எப்போது கேப்டன் ஆவது, எல்லாமே இந்த எண்தான். இனி அங்கே ஓர் இடம் காலியானால் பதினோராம் எண் தமிழ்ச்செல்வனுக்குப் போகும். நான் அதற்கப்புறம்.

கம்பெனி எங்களைத் தங்க வைத்திருக்கும் கெஸ்ட் ஹவுஸ் விஷயத்தை அம்மாவிடம் சொல்லாதீர்கள். எட்டுப் பேருக்கு இரண்டு குளியலறை. சாக்கடை அடைத்துக்கொண்டு கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிறது. அதில் யாரோ மழித்த முடி மிதக்கிறது. தலையணையில் வேறு யாருடைய எண்ணெய் வாடையோ. உறையை இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. துண்டைச் சுருட்டி வைத்துப் படுக்கிறேன்.

நேற்று லீவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். யாருக்கு எந்த நாள் ஃப்ளைட் என்று ரோஸ்டர் போடும் கணேஷ்குமார் ஹைதராபாத் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்.

"அனுபமா, நாளைக்கு உங்க லீவு கேன்சல். சில்சர் ஃப்ளைட் இருக்கு."

"ஏன் சார், எப்பவும் என் லீவுதானா?"

"அங்க இருக்கறவங்கள்ல நீங்கதானேம்மா ஜூனியர். வேற யாரைக் கேக்கறது?"

எதையோ மென்றுகொண்டே சொன்னார். பெட்டியைத் திரும்பப் பிரித்தேன்.

உங்கள்,
அனுபமா


ஹப்சிகுடா, ஹைதராபாத்
14-8-2007

சிரஞ்சீவி அனுபமாவுக்கு, அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் படித்த மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவிடம் தலையணை சமாசாரம் சொல்லவில்லை. "பஸ் ஓட்டறவன்கூட சாயங்காலம் ஆத்துக்கு வந்துடறான், இவளுக்கு என்ன தலையெழுத்து?" என்று அவள் என்னோடு சண்டை போடுகிறாள், ஏதோ நான்தான் உன்னை அங்கே அனுப்பியதுபோல.

முப்பத்து நான்கு வருஷம் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் குப்பை கொட்டியவன் நான். சீனியாரிட்டி லிஸ்ட் எப்படித் தயாராகிறது என்று எனக்குத் தெரியும். எனக்குக் கீழே இருந்தவன் ஒரே கையெழுத்தில் எனக்கு மேலே போய் உட்கார்ந்தான். அவன் அறைக்குப் போய் "குட் மார்னிங் சார்" என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அந்தப் பதினோராம் எண் யார், எப்படிப்பட்டவன்? விவரமாக எழுது.

ஆசிகளுடன்,
லக்ஷ்மிநாராயணன்


குவாஹாத்தி
2-9-2007

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். தமிழ்ச்செல்வனுக்குத் தேனிப் பக்கம். மனைவி கனகம் அங்கே ஹைதராபாத்தில், குகட்பள்ளியில் இருக்கிறாள். ஏழு மாசம். இந்த வீட்டில் மனுஷனாக இருப்பவன் அவன் ஒருவன்தான். சாக்கடை அடைப்பைக் கையை விட்டு எடுத்தவன் அவன். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நானும்தான். அக்டோபரில் ஹைதராபாத்தில் ஓர் இடம் காலியாகிறதாம். பிரசவத்துக்கு முன்னால் போய்விடலாம் என்று நாள் எண்ணுகிறான்.

ஒரு விஷயம். யாரிடமும் சொல்லாதீர்கள். போன வாரம் சளியோடு பறந்ததில் அவனுக்கு இடது காது அடைத்துக்கொண்டது. இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. கம்பெனி டாக்டரிடம் போனால் சிக் லீவு என்று பதிவாகும். முதல் வருஷத்தில் அப்படிப் பதிவானால் எண் கீழே போய்விடும். அதனால் இங்கே பல்டன் பஜாரில் ஒரு டாக்டரைப் பார்த்தான். அந்த இரண்டு நாளும், எனக்கு வேறு நாளில் வேலை இருக்கிறது என்று சொல்லி, அவன் ஃப்ளைட்டுகளை நான் மாற்றி வாங்கிக்கொண்டேன். இப்போது நன்றாகக் கேட்கிறது. டாக்டரும் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

காது வலித்தால் மறைக்க வேண்டிய வேலையாக இருக்கிறதே என்று வெறுப்பாக இருக்கிறது.

உங்கள்,
அனுபமா


ஹப்சிகுடா
20-9-2007

சிரஞ்சீவி அனுபமாவுக்கு, ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா உன் அறைக்குப் புதுத் திரைச்சீலை தைக்கக் கொடுத்திருக்கிறாள். எனக்கு ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. அங்கே கம்பளி, பாத்திரம் என்று புதிதாக எதுவும் வாங்கிச் சேர்க்காதே. எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

ஆசிகளுடன்,
அப்பா


குவாஹாத்தி
18-10-2007

அன்புள்ள அப்பாவுக்கு,

தமிழ்ச்செல்வனைப் பறக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். கம்பெனிக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது. காது கேட்காத பைலட்டை வைத்துப் பயணிகளின் உயிரோடு விளையாடுகிறீர்கள் என்று. அந்த இரண்டு நாள் ஃப்ளைட்டை மாற்றி வாங்கியது நான் என்பதால், தலைமை பைலட் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து வாசித்தார். இடது காது, இரண்டு நாள், பல்டன் பஜார் டாக்டர், எல்லாம் இருந்தது. டிசம்பரில் டெல்லியில் மருத்துவக் குழு பார்க்கும்வரை அவன் எண் இருபத்திரண்டு. நவம்பரில் குழந்தை பிறக்கும்.

பதினோராம் எண் இப்போது நான். ஒன்றாம் தேதி முதல் எனக்கு ஹைதராபாத். "கங்கிராட்ஸ் அனுபமா, ஸ்வீட் எங்கே?" என்று கணேஷ்குமார் கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

தமிழ்ச்செல்வன் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. சமையலறைக்கு நான் போனால் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போகிறான். அவன் நினைப்பது நியாயம்தான். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று அவன் நம்பியிருந்தான்.

மூன்றாவதாகத் தெரிந்தவர் நீங்கள். நேராகவே கேட்கிறேன் அப்பா. நீங்களா?

அனுபமா


ஹப்சிகுடா
26-10-2007

சிரஞ்சீவி அனுபமாவுக்கு, ஆசீர்வாதம்.

ஆமாம், நான்தான். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அதில் ஒரு வரியாவது பொய்யா? காது அடைத்தது உண்மை. மறைத்தது உண்மை. பெயர் போட்டால் உனக்குக் கெடுதல் என்றுதான் போடவில்லை. உன் பெயரை அதில் இழுக்கவும் இல்லை. அவனுக்கு மூன்று மாசம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். சின்னப் பையன், சமாளித்துக்கொள்வான். உனக்கோ இது ஆயுசுக்கும் கூட வரும் எண். நான் ஒரு நாள் சும்மா இருந்து கெட்டேன். என் பெண் கெடக் கூடாது.

இப்போது கோபம் இருக்கும். சொந்த வீட்டுத் தலையணையில் நாலு நாள் தூங்கி எழுந்தால் புரியும். ஒன்றாம் தேதி பேகம்பேட் ஏர்போர்ட்டில் வந்து நிற்கிறேன்.

ஆசிகளுடன்,
அப்பா


குவாஹாத்தி
5-11-2007

அப்பாவுக்கு,

ஒன்றாம் தேதி நீங்கள் காத்திருந்ததாக அம்மா போனில் சொன்னாள். நான் ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தை முதலில் தமிழ்ச்செல்வனிடம் கொடுத்தேன். படித்து முடித்து நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "உங்கப்பாவுக்கு எம்மேல கோவமாச்சும் இருந்திருந்தா பரவால்லைங்க. ஒண்ணுமே இல்லாம எப்பிடி எழுதுனாரு?" என்றான். மன்னித்துவிடு என்றேன். "பாப்பம்" என்றான்.

பிறகு அதைத் தலைமை பைலட்டிடம் கொண்டுபோனேன். எழுதியவர் என் அப்பா, சொன்னது நான், பொய்க் காரணம் சொல்லி ஃப்ளைட் மாற்றியதும் நான் என்று எழுதிக் கொடுத்தேன். மருத்துவக் குழு சரி என்றால் அவனுக்குப் பழைய எண்ணும் ஹைதராபாத்தும் திரும்பக் கிடைக்கும். எனக்குத் தண்டனையாக இருபத்திரண்டு. அது மாறாது. இந்த ஊர், இந்த வீடு, இன்னும் எத்தனை வருஷமோ.

அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் உங்களுக்கு எழுதும்போது ஒரு வரியும் யோசித்து எழுதியதில்லை. நான் அப்படி எழுதியதை எடுத்து நீங்கள் டைப் அடித்திருக்கிறீர்கள். குளியலறைத் தண்ணீரில் நிற்கும்போது உடம்பு கூசும், வெளியே வந்து சோப்புப் போட்டால் போய்விடும். இது போகவில்லை.

இரண்டு காரியம் செய்யுங்கள். கம்பெனிக்கு உங்கள் பெயரோடு, கையெழுத்தோடு எழுதுங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

இனி நான் உங்களுக்கு எழுதுவதாக இல்லை.

அனுபமா


ஹப்சிகுடா
22-11-2007

அன்புள்ள அனுபமா,

கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். ரசீது இருக்கிறது.

அம்மாவிடம் திங்கட்கிழமை சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "பேர் போடாமயா எழுதினேள்?" என்று ஒன்றுதான் கேட்டாள். ஆமாம் என்றேன். கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் தனியாக ஆட்டோ பிடித்து குகட்பள்ளிக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆண் குழந்தை, ஒன்பது நாளாகிறதாம். அங்கே என்ன பேசினாள் என்று என்னிடம் சொல்லவில்லை.

இன்று காலை சிகந்திராபாதில் ரயில் ஏற்றிவிட்டேன். உன்னிடம்தான் வருகிறாள். எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு ரயில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, கொஞ்ச நாள் ரசம் சாதம் மட்டும் போடு. சர்க்கரை மாத்திரை அவள் கைப்பையில் இருக்கிறது.

உனக்கு ஒரு கடிதம் எழுதி அவள் கையிலேயே கொடுத்தனுப்பப் பார்த்தேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். அதனால் இதைத் தபாலில் போடுகிறேன்.

அப்பா